‘முடியல’ என்று சொல்லும் உரிமை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு பொட்டல் இருக்கிறது. மூன்று பக்கமும் சீமைக்கருவேலம். மழை பெய்தால் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். மற்ற மாதங்களில் வெடித்துக் கிடக்கும். போன தை மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள், காலை ஐந்தேகால் மணிக்கு, நாங்கள் ஏழு பெண்கள் அங்கே ஓடப் பழகினோம். மூத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இளையவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சத்துணவு அமைப்பாளர் ஒருவர், தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் அக்கா ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இருவர், பிறகு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எங்களில் ஒருவரும் ஓடியதில்லை. பேருந்தைப் பிடிக்க ஓடியதைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை ஓட்டத்தைப் பற்றியது அல்ல. ஓடப் பழகுகிற பெண்ணிடம் மற்றவர்கள் சொல்லும் சொற்களைப் பற்றியது. ஊக்கம் என்ற பெயரில் நாம் ஒருவருக்கொருவர் எதைக் கொடுக்கிறோம், அதில் கேட்பவளுக்கு என்ன இடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு வந்தது நான் செய்த ஒரு தவற்றிலிருந்து.

எங்களுக்கு ஆசானாக இருந்தது மருந்துக்கடைப் பெண்ணின் கைப்பேசியில் இருந்த ஒரு செயலி. ‘கவுச் டு ஃபைவ் கே’ என்று உலகமெங்கும் பரவியிருக்கும் பயிற்சித் திட்டம் அது. 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், தன் தாயைப் போல ஓடிப் பழக்கமே இல்லாதவர்களை மனத்தில் வைத்து உருவாக்கியது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகநடை நடந்துவிட்டு, அறுபது விநாடி ஓட வேண்டும், தொண்ணூறு விநாடி நடக்க வேண்டும். இப்படியே மாறி மாறி இருபது நிமிடம். வாரம் ஏற ஏற ஓட்டம் கூடும், நடை குறையும். ஒன்பதாம் வாரம் முடியும்போது அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம், அல்லது ஐந்து கிலோமீட்டரைத் தொடலாம். பிரிட்டனின் பொது மருத்துவ சேவை இதே திட்டத்தைத் தன் மக்களுக்கு இலவசச் செயலியாகவே தருகிறது.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, அது நடையை ஓட்டத்தின் ஒரு பகுதியாக வைத்திருப்பது. நடந்தால் தோற்றுவிட்டோம் என்று அது சொல்வதில்லை. அறுபது விநாடி முடிந்ததும் ‘இப்போது நட’ என்கிறது. ஐந்தாம் வாரக் கடைசி நாளில் இருபது நிமிடம் ஒரே மூச்சாக ஓடச் சொல்லிவிட்டு, ஆறாம் வாரத்தின் முதல் நாளில் மறுபடியும் நடையை நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. ஏறுவதற்கு நடுவில் இறங்குவதும் உண்டு என்ற இந்த அறிவு நம்முடைய பெரும்பாலான பயிற்சிகளில் கிடையாது.

எனக்குச் சிக்கலாகப் பட்டது அதற்குள் இருந்து வரும் குரல். ‘அருமை!’ ‘பாதி தூரம் வந்துவிட்டாய்!’ ‘உன்னால் முடியும்!’ என்று குறித்த விநாடியில் குறித்த பாராட்டை அது சொல்லும். முள்ளில் கால் வைத்து நின்றவளிடமும் ‘அருமை’ என்றது. வீட்டிலிருந்து அழைப்பு வந்து ஓரமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவளிடமும் ‘விட்டுவிடாதே’ என்றது. நாங்கள் சிரித்துக்கொண்டோம். எந்திரத்துக்குக் காது இல்லை, சரி. காது இருக்கிற நான் அதே குரலில் பேசத் தொடங்கியிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு முன், இந்த ஊரில் ஒரு பெண் ஓடுவது என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். சாலையில் போகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். ‘யாரு விரட்டுறா?’ என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பெண் ஓடினால் பின்னால் ஒருவன் துரத்த வேண்டும், அல்லது முன்னால் ஒருவன் காத்திருக்க வேண்டும். அவளாக ஓடுவதற்குத் தமிழில் இருக்கும் பெயர்ச்சொல் ‘ஓடுகாலி’. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஓடுகிற கால் உடையவள், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அந்தக் காலை வசையாக்கியது நம் சமூகம். ஆண்பாலில் இதற்கு இணையான வசை நிலைக்கவில்லை. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன் 1896இல், பதினாறு வயதில், மதுரையில் இருந்த வீட்டில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் ரயிலிலும் காலாலும் திருவண்ணாமலைக்குப் போனான். அவனை உலகம் ரமண மகரிஷி என்று வணங்குகிறது. அதில் எனக்குக் குறையில்லை. அதே ஊரிலிருந்து அதே வயதில் ஒரு பெண் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் அவளுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு பக்கம், பெண்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ‘காலைல எந்திரிச்சதுலருந்து ஒரே ஓட்டந்தான்’ என்று சொல்லாத பெண்ணை நான் பார்த்ததில்லை. அந்த ஓட்டத்தை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. அடுப்புக்கும் குழாய்க்கும் தறிக்கும் இடையில் ஓடுவது குடும்பத்துக்கானது. பொட்டலில் ஓடுவது தனக்கானது. அது கண்ணை உறுத்துகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஊக்கச் சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. முதல் வாரம் நாங்கள் கூட்டமாகப் போனதே ஒருவருக்கொருவர் சொல்லும் அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான். அறுபது விநாடி ஓடி முடித்த அன்று, ஓய்வுபெற்ற டீச்சரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, ‘அறுபத்தஞ்சு வயசுல ஓடிட்டேன்டி’ என்று சொன்னார். நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டல் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் இரண்டாம் வாரம் வந்திருக்க மாட்டோம்.

தவறு நடந்தது ஐந்தாம் வாரத்தின் இரண்டாம் நாள். எட்டு நிமிடம் ஓட வேண்டும், ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், மறுபடி எட்டு நிமிடம் ஓட வேண்டும். இரண்டாவது எட்டு நிமிடத்தில் தறிவீட்டு அக்கா என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு என் வயதுதான், நாற்பத்து நான்கு. ஓட்டம் தளர்ந்து, ‘முடியல டீச்சர்’ என்றார்.

‘முடியும்க்கா. இன்னும் ரெண்டு நிமிசந்தான்’ என்றேன்.

‘இல்ல டீச்சர், நெசமாவே முடியல.’

‘மனசுதான்க்கா முடியலைங்குது. காலு ஓடும். நிக்காதீங்க.’

அவர் நிற்கவில்லை. ஓடி முடித்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். செயலியும் ‘அருமை’ என்றது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்தேன். கைப்பேசியில் ‘வாங்கக்கா, உங்களால முடியும்’ என்று கட்டைவிரல் படத்தோடு செய்தி அனுப்பினேன். மூன்று நாள் அனுப்பினேன். நான்காம் நாள் நிறுத்திவிட்டேன்.

பங்குனியில் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். அவராகவே சொன்னார்: ‘அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணு இருட்டி உக்காந்துட்டேன் டீச்சர். எனக்கு மாசத்துல பதினஞ்சு நாளு போயிக்கிட்டே இருக்கும். அதச் சொல்லலாம்னுதான் ஆரம்பிச்சேன். நீங்க முடியும்னுட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்ல?’ ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்திருக்கிறார்கள். ‘ஏழுன்னாங்க’ என்றார். கர்ப்பப்பையில் கட்டி இருப்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது.

கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் அது 57 சதவீதம். ஏழு பேர் ஓடினால் மூன்று நான்கு பேருக்கு இருக்கக்கூடும் என்று பொருள். ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் பொருள் பாதியாகக் குறைந்திருந்தால் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துத்தான் ஆக வேண்டும். அவர் அன்றைக்குச் சொன்னது மனத்தின் தயக்கத்தை அல்ல. தன் உடம்பில் நடப்பதைச் சொன்னார். நான் அதை ஒரு பலவீனமாகக் கேட்டு, அதற்கு மருந்தாக ஒரு வாசகத்தைக் கொடுத்தேன்.

அந்த வாசகம் எங்கிருந்து எனக்கு வந்தது என்று யோசித்தேன். மகளிர் தினத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மேடையில் நான் கவிதை வாசிக்கிறேன். அவற்றை எடுத்துத் திரும்பப் படித்தேன். எழு, நட, உடை, பற என்று முழுக்க ஏவல் வினைகள். ‘உன்னால் முடியும்’ என்பதன் வேறு வேறு வடிவங்கள். கேட்கிற பெண் பதில் சொல்ல அவற்றில் ஒரு வரிகூட இல்லை. கைதட்டு வாங்கிய கவிதைகள் அவை. பெண்ணியம் என்று நாம் எழுதுவதில் கணிசமான பகுதி இந்தச் செயலியின் குரலில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கட்டளையிடுகிறவர் மாறியிருக்கிறார், கட்டளை மாறவில்லை.

ஊக்கம் என்ற சொல்லையே பாருங்கள். திருக்குறளின் அறுபதாவது அதிகாரம் ‘ஊக்கமுடைமை’. ஊக்கம் அங்கே ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் உடைமை. அந்த அதிகாரம் அரசியலில் வருகிறது. ஆளுகிறவனை நோக்கிப் பேசுகிறது. ‘ஊக்குவித்தல்’ என்ற பிறவினையில் அது வெளியிலிருந்து இன்னொருவர் தரும் பொருளாகிவிடுகிறது. தருகிறவர் மேலே, பெறுகிறவர் கீழே. பெற்றும் செயல்படாவிட்டால் குற்றம் பெற்றவருடையது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சொல்லின் கதை. ‘வற்புறுத்துதல்’ என்றால் இன்று கட்டாயப்படுத்துதல். சங்க அகப்பாடல்களின் அடியில் பிற்காலத்தவர் எழுதிச் சேர்த்த கூற்றுக் குறிப்புகளில் இச்சொல் வேறு பொருளில் வரும். தலைவன் பிரிந்து போயிருக்கிறான். சொன்ன பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி ஆற்றாமல் இருக்கிறாள். தோழி அவளை வற்புறுத்துகிறாள். அதாவது வலிமை அடையச் செய்கிறாள், தேற்றுகிறாள். இதன் பெயர்தான் ‘வன்புறை’. நாம் இன்று ஊக்கம் தருதல் என்று சொல்வதற்கு மிக நெருக்கமான பழந்தமிழ்க் கலைச்சொல் இது என்று நினைக்கிறேன்.

தோழியின் வன்புறை எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. குறுந்தொகையில் ஒரு பாட்டு. கொன்றை பூத்துவிட்டது, கார்காலம் வந்துவிட்டது. தோழியோ, இது கார்காலமே அல்ல, காலம் தவறிப் பெய்த மழையை நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். அன்புக்காகச் சொல்லும் பொய். நான் ‘இன்னும் ரெண்டு நிமிசந்தான்’ என்று சொன்னபோது உண்மையில் மூன்றரை நிமிடம் இருந்தது. தோழியின் பொய்யை வகுப்பில் ரசித்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தானும் அதே பொய்யைச் சொல்கிறோம் என்பது தெரியவில்லை.

ஆனால் அந்த மரபில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. ‘வன்புறை எதிரழிந்து கூறியது’. தோழி தேற்றுகிறாள், தலைவி அந்தத் தேறுதலுக்கு எதிரே நெஞ்சழிந்து, அதை ஏற்காமல் பேசுகிறாள். நீ சொல்வது எனக்கு உதவவில்லை, என் நிலை இது என்கிறாள். அந்தப் பேச்சே பாட்டு. தோழியின் தேறுதல் பல இடங்களில் பாட்டுக்கு வெளியே குறிப்பாக நின்றுவிடுகிறது. நமக்குக் கிடைப்பது தலைவியின் ‘முடியல’ மட்டும்.

இருபது ஆண்டுகளாக இந்தப் பாடல்களைத் தலைவியின் ஆற்றாமைக்கு எடுத்துக்காட்டாகவே நடத்தினேன். அவள் மென்மையானவள், தாங்க மாட்டாதவள், தோழி உறுதியானவள் என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் போட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. எதிரழிதல் என்பது தோல்வி அல்ல, பதில். வன்புறைக்குப் பதில் சொல்ல இடம் இருந்த வரையில் வற்புறுத்துதல் என்றால் தேற்றுதலாக இருந்தது. பதிலுக்கு இடமில்லாத பேச்சுக்கு அதே சொல் இன்று கட்டாயம் என்ற பொருளைத் தருகிறது. சொல் ஏன் மாறியது என்பதற்கு இதை மொழியியல் விளக்கமாக நான் முன்வைக்கவில்லை. இரண்டு பொருளுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு இதுதான் என்கிறேன்.

இந்தப் பாடல்களிலும் குறிப்புகளிலும் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண்கள்தான். தலைவி காத்திருக்கிறவளாகவே இருக்கிறாள் என்பதும் உண்மை. அவளுடைய காத்திருப்பைக் கொண்டாட நான் வரவில்லை. காத்திருப்பவளுக்குக்கூட ‘உன் தேறுதல் எனக்குப் போதவில்லை’ என்று சொல்ல இடம் வைத்திருந்தார்கள். ஓடுகிறவளுக்கு நாம் அந்த இடத்தை வைக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பெண்களின் ‘முடியல’வை ஏற்றுக்கொண்டால், பெண்களால் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நாமே ஆயுதம் கொடுப்பதாகாதா? நியாயமான பயம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்டம் முடிந்து சிலர் தரையில் சாய்ந்தார்கள். ஓடி முடித்த யாரும் செய்வதுதான் அது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கி, பெண்ணுடம்புக்கு இது தாங்காது என்று எழுதின. அந்த ஓட்டமே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1960 ரோமில்தான் திரும்ப வந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைக்க 1984 ஆனது.

ஆனால் 1928இல் ‘முடியல’ என்று சொன்னது யார்? ஓடிய பெண்கள் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். அகப்பாடல் இலக்கணத்தில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: கண்டோர் கூற்று. தலைவனோடு பாலை வழியில் போகும் பெண்ணின் காலைப் பார்த்து, வழியில் கண்டவர்கள் இரங்கிப் பேசுவார்கள். அவள் காலில் சிலம்பு இருக்கிறது, இந்தச் சுடுமணலில் எப்படி நடப்பாள் என்பார்கள். அவள் என்ன நினைத்தாள் என்று அவர்களுக்குத் தெரியாது. பெண்ணின் உடம்பைப் பற்றி அவளுக்குப் பதிலாக மற்றவர்கள் பேசுவதற்கும், அவளே பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விட்டுவிடக் கூடாது. அவளால் முடியாது என்று வெளியிலிருந்து சொல்வதும், அவளால் முடியும் என்று வெளியிலிருந்து சொல்வதும் ஒரே தவற்றின் இரண்டு முகம்.

அதே 800 மீட்டரில் 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அங்கேயும் அவர் உடம்பைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். தன்னை யார் என்று அவர் சொன்னது கடைசியாகத்தான் கேட்கப்பட்டது.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான், சாந்தியின் ஓட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நம் மாநிலத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய தொடக்கநிலைப் பயிற்சி நடந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் சேர்த்தார். பி. சாய்நாத் தன்னுடைய ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொது நிகழ்ச்சிகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். தொடக்கத்தில் கேட்ட கேவலமான பேச்சுகளைப் பற்றியும், இயக்கம் அதற்கு ஒரு சமூக ஒப்புதலைக் கொடுத்த பிறகு அது எளிதானதைப் பற்றியும் அந்தப் பெண்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியை தினமும் மாலையில் அரை மணி நேரத்துக்குச் சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஓட்டுவாராம். அவருக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

இந்த வரலாற்றை எண்ணிக்கைக்காகத்தான் பலரும் சொல்கிறோம். நான் சைக்கிள் பழகும் முறையையே யோசிக்கிறேன். நம் ஊரில் சைக்கிள் பழகிய எல்லாருக்கும் இது தெரியும். பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். அவர் வாயால் என்ன சொல்கிறார் என்பது பெரிய விஷயமே இல்லை. அவர் கை, ஓட்டுகிறவளின் ஆட்டத்தை ஒவ்வொரு கணமும் உணர்ந்துகொண்டிருக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் கை வலப்பக்கம் இழுக்கும். நேராகப் போனால் பிடி தளரும். நன்றாகப் போகிறபோது விட்டுவிடும். அதாவது அந்தக் கைக்குப் பதில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. விழுந்தால் இருவரும் விழ வேண்டும் என்பதால் அந்தக் கை பொய் சொல்ல முடியாது. நேற்றுப் பழகியவள் இன்று இன்னொருத்தியின் கேரியரைப் பிடிப்பாள். தன் ஆட்டம் அவளுக்கு மறந்திருக்காது.

தொடக்கநிலையில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தரும் ஊக்கம் ஏன் பயிற்சியாளரின் ஊக்கத்தைவிடச் சில நேரம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஓடுகிறவளுக்கும் மூச்சு வாங்குகிறது. டீச்சரம்மா ‘ஓடிட்டேன்டி’ என்று சொன்னபோது எங்களுக்கு எழுந்த தெம்பு, அவர் எங்களைப் பார்த்து ‘ஓடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் எழுந்திருக்காது. அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார்.

சங்க இலக்கியத்திலேயே இதற்கு ஒரு சங்கிலி இருக்கிறது. கணவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியை வெள்ளிவீதியார் அகநானூற்றில் நினைக்கிறார். நானும் அவளைப் போல அலைவேனோ என்கிறார். அதே தொகையில் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் புறப்படத் துணிந்துவிட்டேன் என்கிறார். மூன்று பெண்கள். முன்னே போனவள் பின்னே வருகிறவளைப் பார்த்து ‘உன்னால் முடியும்’ என்று எங்கும் சொல்லவில்லை. போனாள், வருந்தினாள், அதை மறைக்காமல் சொன்னாள். அந்த வருத்தத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் அடுத்தவள் கால் எடுத்து வைக்கிறாள். ஆதிமந்தி வருந்தாதவளாகச் சொல்லப்பட்டிருந்தால் வெள்ளிவீதிக்கு அவளால் எந்தப் பயனும் இருந்திருக்காது.

ரேஷன் கடை வரிசையில் நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘அதெல்லாம் எதுக்கு டீச்சர், நல்லதுக்குத்தான சொன்னீங்க’ என்றார். நல்லதுக்குச் சொன்னதாலேயே அவரால் மறுத்துச் சொல்ல முடியாமல் போனது. திட்டியிருந்தால் நின்றிருப்பார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வருவதாகவும், எண்ணிக்கை ஏறும்வரை ஓட வேண்டாம், நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதாகவும் சொன்னார். ‘நடக்க வரவா?’ என்று கேட்டார். ஐந்து வாரம் எங்களோடு ஓடியவர் நடக்க வருவதற்கு அனுமதி கேட்டார். அதற்கும் நான்தான் காரணம்.

வந்தார். பொட்டலின் உள்வட்டத்தில் அவர் நடப்பார், வெளிவட்டத்தில் நாங்கள் ஓடுவோம். கைப்பேசியின் குரலை அணைத்துவிட்டோம். நேரம் பார்ப்பது மட்டும் ஒருவர் பொறுப்பு, முறை வைத்துப் பார்க்கிறோம். ஓடி முடித்ததும் கருவேல மர ஓரத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு உடம்பு என்ன செய்தது என்று ஒவ்வொருவரும் சொல்வோம். இதை நாங்கள் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. அக்கா தன் ரத்த எண்ணிக்கையைச் சொன்ன அன்று மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். சத்துணவு அமைப்பாளருக்கு இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் ஒருவர் காலையில் எதுவும் சாப்பிடாமல் வருகிறார் என்பதும், மருந்துக்கடைப் பெண்ணுக்கு அண்ணன் தெரியாமல்தான் வருகிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான்கு மாதம் ஒருவரையொருவர் ‘சூப்பர், சூப்பர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இப்போது மூன்று பேர் ரத்தம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

வகுப்பில் இந்த ஆண்டு அந்தக் குறுந்தொகைக் குறிப்பை வேறு மாதிரி நடத்தினேன். ‘எதிரழிதல்’ என்று பலகையில் எழுதிவிட்டு, உங்களிடம் யாராவது ‘முடியும்’ என்று சொல்லி, உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு சமயத்தை எழுதுங்கள் என்றேன். அரை மணி நேரம் யாரும் தலை நிமிரவில்லை. எழுதியதை வாங்கிப் படித்தேன். அவை அவர்களுடையவை, இங்கே சொல்ல மாட்டேன். அவற்றில் இரண்டில் ‘முடியும்’ என்று சொன்னவராக நான் இருந்தேன் என்பதை மட்டும் சொல்லலாம்.

இது ஆடி. காலை ஐந்தேகாலுக்கே காற்று மண்ணை வாரிப் போடுகிறது. அக்காவுக்குப் போன வாரம் எண்ணிக்கை பத்தரை. மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதலிலிருந்து தொடங்கி இப்போது இரண்டாம் வாரத்தில் இருக்கிறார்: தொண்ணூறு விநாடி ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒன்பது வாரத்தை முடித்துவிட்ட நாங்கள் நான்கு பேர் அவரோடு சேர்ந்து இரண்டாம் வாரத்தில் ஓடுகிறோம். நேற்று நான்காவது சுற்றில் நின்றுவிட்டார். ‘இன்னைக்கு இம்புட்டுத்தான் டீச்சர்’ என்றார். ‘சரிக்கா’ என்றேன். எல்லோரும் நடந்தோம்.